முற்றத்துத் தலைவி

ஆம்பூர் என்றதும் நேயர்களிற் பெரும்பாலோருக்குப் பிரியாணியின் ஞாபகம் வரும். வியாபாரத்தில் பழகியவர்களுக்குத் தோலின் ஞாபகம் வரும். பல வருஷங்களாக அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அகரம் கற்பித்துவரும் நமக்கோ, காலை ஏழு மணிக்குச் சாலையோரத்தில் நிற்கும் ஸ்திரீகளின் ஞாபகமே முதலில் வருகிறது.

கிராமத்து முனையில் பத்துப் பதினைந்து பேர் கூடி நிற்பார்கள். கையில் சாப்பாட்டுப் பை, தலையில் ஒரு முழம் பூ, கழுத்தில் கம்பெனியின் அடையாள அட்டை. பஸ் வரும், ஏறுவார்கள், ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ பேரணாம்பட்டுக்கோ இராணிப்பேட்டைக்கோ போய்ச் சேர்வார்கள். பொழுது சாயும் வரையில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து, அயல் தேசத்து மக்கள் அணியப்போகும் பாதரட்சைகளின் மேற்பாகத்தைத் தைப்பார்கள். இது எல்லோரும் அறிந்த காட்சி. ஆனால் பஸ் புறப்பட்ட பிறகு அங்கே ஒரு நிமிஷம் நின்று பார்த்தவர்கள் சிலரே. புழுதி அடங்கியதும் சாலையோரத்தில் எஞ்சி நிற்பவர்கள் யார் தெரியுமா? ஒரு கிழவி, அவள் இடுப்பில் ஒரு குழந்தை, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குழந்தை. பஸ் போன திசையையே அந்தக் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும்.

அன்று பகல் முழுவதும் அக்குழந்தைகள் யாருடைய பொறுப்பு? அந்த "யார்" என்பவரைப் பற்றியே இந்தக் கட்டுரை.

தோலும் தொட்டிலும்

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழில் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது. ஆயினும் நெடுங்காலம் அது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் தொழிலாகவே இருந்துவந்தது. தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைப்பார்கள், மயிர் நீக்குவார்கள், ஆவாரம்பட்டைச் சாற்றில் போட்டெடுப்பார்கள். பாதி பதனிட்ட அந்தத் தோலைக் கப்பலேற்றிவிட்டால் வேலை முடிந்தது. அதைப் பளபளக்கும் பாதரட்சையாக்கி இலாபம் அடைந்தவர்கள் சீமைக்காரர்கள். 1972-ஆம் வருஷத்துச் சீதாராமையா கமிட்டியின் யோசனைக்குப் பிறகு மத்திய சர்க்கார் இந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முற்றும் பதனிட்ட தோலையும் தோற்சாமான்களையும் இங்கேயே செய்யும்படி ஊக்கம் அளித்தது. தேசத்துக்கு நன்மையான காரியந்தான். அதன் பயனாக ஷூ கம்பெனிகள் தோன்றின. ஷூவின் மேற்பாகத்தைத் தைக்கப் பெண்களின் விரல்கள் வேண்டியிருந்தன. வேலூர், குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தாய்மார்கள் பஸ் ஏறத் தொடங்கினார்கள்.

அதே பத்தாண்டில் இன்னொரு காரியமும் நடந்தது. 1975-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தேசத்தில் 33 இடங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. அதற்கு வழி காட்டியவற்றுள் முக்கியமானது, பள்ளி வயதுக்கு முற்பட்ட குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்த ஒரு குழுவின் 1972-ஆம் வருஷத்து அறிக்கை. அக்குழுவின் தலைவி மீனா சுவாமிநாதன். தமிழ் நாவலாசிரியை கிருத்திகாவின் புதல்வி. அன்று முப்பத்து மூன்று இடங்களில் ஊன்றிய விதை இன்று தேசமெங்கும் ஏறக்குறைய 14 லட்சம் அங்கன்வாடிகளாகப் படர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பதினாயிரத்துக்கு மேல். சர்க்கார் காகிதத்தில் "குழந்தைகள் மையம்" என்றிருந்தாலும் ஜனங்களின் வாயில் இன்றும் அது "பால்வாடி"தான்.

ஆனால் தாயைக் கம்பெனிக்கு அழைத்தவர்களும், குழந்தைக்கு மையம் திறந்தவர்களும் ஒருவரோடொருவர் கலந்து பேசவில்லை. கம்பெனி பஸ் காலை ஏழு மணிக்கே வந்துவிடுகிறது. பால்வாடி அதற்குப் பின்புதான் திறக்கிறது. தாய் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்புகிறாள். பால்வாடியோ அதற்கு வெகு முன்பே பூட்டப்படுகிறது. சட்டத்தில் குறைவில்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், முப்பதுக்கு மேற்பட்ட ஸ்திரீகள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று விதித்தது. 2017-இல் திருத்தப்பட்ட பிரசவ கால சகாயச் சட்டம், ஐம்பது பேர் வேலை செய்யும் ஸ்தாபனங்களுக்கும் அந்தக் கடமையை விஸ்தரித்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பும் அக்கடமையைக் கைவிடவில்லை. ஆயினும், நெரிசலான பஸ்ஸில் ஒரு மணி நேரம் கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு போக எந்தத் தாய்தான் துணிவாள்? குழந்தை ஊரிலேயே நிற்கிறது. காலையிலும் மாலையிலும் விழும் இடைவெளியை எந்தச் சட்டமும் அடைக்கவில்லை. அடைப்பவள் ஒருத்தி இருக்கிறாள். ஊரார் அவளை "பால்வாடி டீச்சரம்மா" என்கிறார்கள்.

ஒரு நாள் வேலை

நாம் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு, நமது பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஒரு பால்வாடியில் காலை முதல் உட்கார்ந்து பார்த்தோம். ஊரின் பெயர் வேண்டாம். எந்த ஊரானாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றே.

திறக்கும் நேரத்துக்கு அரைமணி முன்பாகவே டீச்சரம்மா வந்துவிட்டார். காரணம் கேட்டோம். "கம்பெனிக்குப் போறவங்க பிள்ளைங்க திண்ணையிலே காத்துக்கிட்டு இருக்கும் சார்" என்றார். அந்த அரைமணிக்கு அவருக்குச் சம்பளம் இல்லை. யாரும் அவரை வரச் சொல்லவும் இல்லை. ஆயாம்மா அடுப்பை மூட்டுவதற்குள் இவர் ஆறு குழந்தைகளின் மூக்கைத் துடைத்து, இரண்டு குழந்தைகளின் அழுகையை அடக்கி, ஒரு கிழவியிடம் நேற்றிரவு பேரனுக்குச் சுரம் எத்தனை மணிக்கு வந்தது என்று விசாரித்து முடித்துவிட்டார்.

பிறகு பாட்டும் கதையும் ஆரம்பமாயின. புளியங்கொட்டைகளை எண்ணச் செய்தார். ஒவ்வொரு குழந்தையும் தன் பெயர் எழுதிய அட்டையை எடுத்து ஆணியில் மாட்ட வேண்டும். எழுத்தறியாத குழந்தைகள் அட்டையில் வரைந்திருந்த கிளியையும் வாழைப்பழத்தையும் கண்டு தத்தம் பெயரைத் தெரிந்துகொண்டன. நடுவில் கர்ப்பிணி ஒருத்தி சத்துமாவு வாங்க வந்தாள். கிராமச் சுகாதாரச் செவிலி தடுப்பூசிக் கணக்குக் கேட்டாள். எடை பார்க்கும் நாளாதலால் குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்தினார். மத்தியானம் சாதம், முட்டை. குழந்தைகள் உறங்கிய நேரத்தில் பதிவேடுகள். அவற்றோடு கைத்தொலைபேசியில் "போஷன் டிராக்கர்" என்னும் கணக்கு வேறு. 2021-இல் வந்த இக்கணக்கில், 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுக்கு வாங்குகிறவரின் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கவும் வேண்டும். சமிக்ஞை கிடைக்காமல் டீச்சரம்மா தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனதை நாம் கண்ணாரக் கண்டோம்.

சத்துணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடற்பரிசோதனை, நோயாளிக் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல், தாய்மாருக்குப் போதனை என்று ஆறு பணிகள் இத்திட்டத்தில் உண்டு. ஆறையும் செய்பவர்கள் ஒரு டீச்சரம்மாவும் ஓர் ஆயாம்மாவும். நமது பள்ளியிலோ இதில் ஒரு பணிக்கே தலைமையாசிரியர், உதவியாசிரியர், அவர்களுக்கு மேல் அதிகாரி என்று பல படிகள் இருக்கின்றன.

ஒரு குழந்தையின் காது

சில வருஷங்களுக்கு முன் நமது முதல் வகுப்பில் ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். தெளிவாகப் பேசினாள், கதை சொன்னால் முன்வரிசையில் வந்து உட்காருவாள். அவளுடைய தாய் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவள். ஒரு நாள் அவள் சொன்ன வரலாறு நம்மைத் திடுக்கிடச் செய்தது. மூன்றரை வயது வரையில் அந்தப் பெண் பேசவே இல்லையாம். வீட்டில் "ஊமை" என்றே முடிவு கட்டிவிட்டார்கள். பாட்டி கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள்.

பால்வாடி டீச்சரம்மாதான் முதலில் சந்தேகப்பட்டார். கூப்பிட்டால் அக்குழந்தை திரும்புவதில்லை. ஆனால் தரையைத் தட்டினால் திரும்புகிறது. தலையணையில் சீழின் கறை. காதில் கோளாறு என்று தீர்மானித்துத் தாயிடம் சொன்னார். தாய்க்கு லீவு கிடைப்பது அரிது. போனால் அன்றைய கூலி போயிற்று. ஒரு வாரம் பார்த்தார் டீச்சரம்மா. பிறகு தாமே குழந்தையையும் பாட்டியையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிவிட்டார். ஒரு முறை அல்ல, நான்கு முறை. காதில் நாட்பட்ட சீழ். வைத்தியம் பலித்தது. காது திறந்தது, அதன்பின் வாயும் திறந்தது.

இதில் நேயர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த நான்கு நாட்களிலும் மையத்தின் கணக்கு மேலிடத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. கடிதம் எழுதியவர்மீது குற்றம் சொல்வதற்கில்லை. அவருக்குத் தெரிந்தது எண் வரவில்லை என்பது மட்டுமே. பதில் எழுதத் தெரியாமல் டீச்சரம்மா இரண்டு நாள் கலங்கியிருந்தாராம். குழந்தைக்குச் செய்த நன்மை, காகிதத்தில் கடமை தவறியதாக நின்றது.

அந்தச் சமயத்தில் மேற்பார்வையாளரான அம்மையார் மையத்துக்கு வந்தார். பதிவேட்டைத் திறப்பதற்கு முன் குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்துப் பார்த்தார். குழந்தை திரும்பியது. பிறகு, "இனிமே ஆஸ்பத்திரிக்குப் போற நாள்லே முன்னாடியே எனக்கு போன் பண்ணுங்க டீச்சர். பக்கத்து மையத்திலேருந்து ஆயாம்மாவை அனுப்பச் சொல்றேன், பதிலை நான் எழுதிக்கிறேன்" என்றார். அதன் பிறகு அந்த வட்டாரத்தில் நான்கைந்து மையங்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றாக உதவிக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. உத்தரவு எதுவும் பிறக்கவில்லை. அந்த அம்மையாரின் ஒரு வார்த்தையால் நடந்தது.

தலைமை என்று பெரிய சொல்லாகப் பேசுகிறோமே, இதுவன்றோ தலைமை! குழந்தையிடத்தில் உள்ளதை முதலில் கண்டவள் ஒருத்தி. கண்டவளுக்குப் பக்கபலமாய் நின்றவள் ஒருத்தி. இருவரில் எவருக்கும் தலைவி என்ற பட்டம் கிடையாது.

பெயர் வந்த வரலாறு

குழந்தைகளின் கல்வியில் தலைமை என்பது எப்போதும் இப்படிக் கீழிருந்தே எழுந்திருக்கிறது. 1907-ஆம் வருஷம் ஜனவரி மாதம், ரோமாபுரியில் ஸான் லொரென்ஸோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் டாக்டர் மரியா மாண்டிஸோரி தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் படிக்கட்டுகளில் திரிந்து சுவர்களைக் கெடுத்ததால், கட்டடத்துக்கு உரியவர்களே அவரை அழைத்தார்கள். நமது ஆம்பூர்க் கதையைப் போலவே இல்லையா? அங்கே குழந்தைகளோடு முதலில் இருந்தவள் ஆசிரியப் பயிற்சி பெறாத ஒரு பெண். மாண்டிஸோரி அம்மையார் அப்பதவிக்கு "ஆசிரியை" என்று பெயரிடவில்லை. "வழிநடத்துபவள்" என்றே பெயரிட்டார். குழந்தை தானே கற்கிறது. பக்கத்திலிருப்பவள் கவனித்து வழியைச் செம்மைப்படுத்துகிறாள் என்பது அவர் கொள்கை. அந்த அம்மையாரே 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நமது தேசத்து உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தம் மூண்டதால் பல வருஷங்கள் இந்தியாவிலேயே தங்கினார்.

மாண்டிஸோரி முறையைச் செல்வர் வீட்டுப் பண்டமாக விடாமல் ஏழைக் குடிசைக்குக் கொண்டுபோனவர் தாராபாய் மோடக். கத்தியவார் பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் உழைத்த இம்மாதரசி, 1945-இல் பம்பாய்க்கு வடக்கே கடலோரமாகவுள்ள போர்டி என்னும் கிராமத்தில் பாலர் கல்வி நிலையம் ஒன்றை ஆரம்பித்தார். பால்வாடி திறந்தாயிற்று, ஆனால் ஏழைக் குழந்தைகள் வரவில்லை. தம்பியைத் தூக்கவும், ஆட்டை மேய்க்கவும் வீட்டில் ஆள் வேண்டுமே! "ஜனங்கள் அறியாதவர்கள்" என்று நொந்துகொண்டு உட்கார்ந்துவிடவில்லை தாராபாய். குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையின் முற்றத்துக்குப் போகட்டும் என்று தீர்மானித்தார். முற்றத்துக்கு அவர்கள் பாஷையில் "அங்கண்" என்று பெயர். முற்றத்தில் நடந்த அந்தப் பள்ளியே "அங்கன்வாடி". அவருடைய சிஷ்யை அனுதாய் வாக் என்னும் அம்மையார், பதின்மூன்று வயதில் விதவையானவர். பின்னர் கோஸ்பாட் என்ற மலைப்புறத்து ஊரில் வார்லி ஜாதிக் குழந்தைகளிடையே அப்பணியை வளர்த்தார்.

இன்று பதினான்கு லட்சம் பலகைகளில் எழுதியிருக்கும் பெயர், காத்திருக்காமல் முற்றத்துக்கு நடந்துபோன ஒரு ஸ்திரீயின் ஞாபகச் சின்னம். நமது வேலூருக்கும் இந்த ஞானம் புதிதன்று. டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார் நோயாளிகள் வரட்டும் என்று இருந்துவிடாமல், குடியாத்தம் சாலையில் மரத்தடிக்கு மரத்தடி நின்று வைத்தியம் செய்தவர். 1918-இல் பெண்களையே வைத்தியர்களாக்கப் பள்ளி தொடங்கியவர். வாசலுக்குப் போகிறவளே தலைவி என்பதை இந்த ஜில்லா நூறு வருஷத்துக்கு முன்பே கண்டிருக்கிறது.

நாமே செய்து காட்டியது

இதெல்லாம் உத்தமிகளின் கதை; சாதாரண மனுஷிகளை வைத்துக்கொண்டு சர்க்கார் இதைச் செய்ய முடியுமா என்று நேயர்கள் கேட்கலாம். முடியும் என்பதற்குத் தமிழ்நாடே அத்தாட்சி. 1980-ஆம் வருஷம் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாட்டில் ஓர் ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கிற்று. ஒவ்வொரு கிராமத்திலும் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியையே தேர்ந்தெடுத்தார்கள். ஏழையாயிருந்தும் தன் குழந்தைகளை ஆரோக்கியமாக வளர்த்தவளா என்று பார்த்து எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி கேட்பதற்கு அதைவிடச் சிறந்த யோக்கியதாபத்திரம் உண்டோ?

வேலையும் அளவோடு இருந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, அட்டையில் கோடு வரைய வேண்டும். கோடு தாழ்கிற குழந்தைக்கு மாத்திரம் சில காலம் சத்துணவு, தேறியதும் நிறுத்திவிடலாம். ஏறக்குறைய பத்து மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர். அவர் அடிக்கடி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கற்பித்தார். கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்தது. பின்னாளில் பிற தேசத்தாரும் இதை ஆராய்ந்து எழுதினார்கள்.

இன்றைய அங்கன்வாடிகளில் ஒரு மேற்பார்வையாளருக்கு இருபது இருபத்தைந்து மையங்கள். மலையடிவாரத்து ஊர்களுக்குப் பஸ் நாளைக்கு இரண்டு முறை. அத்தனை மையங்களுக்கு அலைகிறவர் எங்ஙனம் உட்கார்ந்து கற்பிப்பார்? கையெழுத்துப் போடத்தான் நேரம் இருக்கும். நாம் மேலே சொன்ன அம்மையாரைப் போன்றவர்கள் இந்த நெருக்கடிக்குள்ளும் தலைமை வகிக்கிறார்கள் என்றால், அது அவர்களுடைய பெருமை. ஏற்பாட்டின் பெருமை அன்று.

கௌரவம் என்ற பெயரில்

இனி ஒரு கசப்பான விஷயம். அங்கன்வாடிப் பணியாளரை மத்திய சர்க்காரின் திட்டம் ஆதியிலிருந்தே "கௌரவ ஊழியர்" என்று அழைத்துவந்திருக்கிறது. கௌரவம் என்றால் சம்பளம் இல்லை, மதிப்பூதியம் என்று அர்த்தம். 2018 அக்டோபரில் மத்திய சர்க்கார் அதை மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆக உயர்த்திற்று. தமிழ்நாட்டில் இதற்கு மேல் மாநில சர்க்காரின் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. அந்த மட்டில் நம்மவர்கள் பாக்கியசாலிகள். ஆயினும் நிரந்தர சர்க்கார் உத்தியோகஸ்தருக்குரிய ஸ்தானம் இல்லை. 2006-இல் சுப்ரீம் கோர்ட்டு, இவர்கள் சர்க்கார் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரல் 25-இல் அதே கோர்ட்டு, குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், இவர்களும் பணிக்கொடை பெற உரியவர்கள் என்று கூறிற்று. ஒரு கதவு பதினாறு வருஷம் கழித்துச் சற்றே திறந்தது என்று சொல்லலாம்.

மேலே ஏறுவதற்குப் படி இருக்கிறதா? 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதப் பயிற்சியும், அதற்குக் குறைந்தவருக்கு ஒரு வருஷப் பயிற்சியும் அளிக்க யோசனை கூறிற்று. 2022-இல் வெளியான மத்திய விதிமுறைகள், மேற்பார்வையாளர் பதவிகளில் பாதியை அனுபவமுள்ள பணியாளர்களைக் கொண்டே நிரப்பும்படி சொல்கின்றன. இவை நல்ல யோசனைகள். முற்றத்திலிருந்து வந்தவளுக்கே முற்றத்தின் கஷ்டம் தெரியும்.

இந்த இடத்தில் நம் இனத்தாரைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சர்க்கார் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கி, இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பிற்று. ஆசிரியர்கள் பலர் அதைக் கீழிறக்கம் என்று கருதினார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் நியாயமும் இருந்தது. மூன்று வயதுக் குழந்தைக்குக் கற்பிக்க அவர்கள் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். ஆயினும் "கீழ்" என்ற சொல் நம் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. குழந்தை சிறியதானால் அதற்குக் கற்பிப்பவரும் சிறியவர் என்று எந்த நூலில் எழுதியிருக்கிறது? "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று மேடையில் முழங்குகிறோம். ஐந்துக்கு முன் வளைப்பவளுக்கு நாற்காலி போட மறந்துவிடுகிறோம்.

நாமும் விலக்கல்ல. நமது சொந்தக் குழந்தையை நாம் பால்வாடிக்கு அனுப்பவில்லை. கட்டணம் கட்டி, கழுத்தில் பட்டி கட்டி, தூரத்துப் பள்ளிக்கு வண்டி ஏற்றினோம். அங்கே மூன்று வயதில் எழுதச் சொன்னார்கள். குழந்தை விரல் நோகிறதென்று அழுதது. அதே வயதில் பால்வாடிக் குழந்தைகள் புளியங்கொட்டை எண்ணிக் கிளிப் படத்தைத் தேடிக்கொண்டிருந்தன. எவர் படித்த முறை சிறந்தது என்பது ஜூன் மாதத்தில் முதல் வகுப்பில் அமர்ந்து பார்த்தபோதுதான் நமக்கு விளங்கிற்று. நல்ல டீச்சரம்மாவிடமிருந்து வந்த குழந்தை கேள்வி கேட்கிறது. பக்கத்துக் குழந்தைக்கு இடம் விடுகிறது. தோற்றாலும் மறுபடி முயல்கிறது. இவற்றை நாம் முதல் வகுப்பில் புதிதாகக் கற்பிக்க முயன்று தோற்றிருக்கிறோம்.

செய்ய வேண்டுவது

சர்க்கார் செய்ய வேண்டியவை பல. கம்பெனி நேரத்துக்கேற்ப மையத்தின் நேரத்தை நீட்டி, அதற்கு இரண்டாவது பணியாளரை நியமிப்பது ஒன்று. மேற்பார்வையாளர்களின் தொகையைப் பெருக்கி, எண் கேட்பதைக் குறைத்துக் கற்பிப்பதைக் கூட்டுவது மற்றொன்று. ஷூ கம்பெனி முதலாளிகளுக்கும் இதில் பங்குண்டு. தாய்மார் ஏறும் ஊர்களிலேயே, உள்ள அங்கன்வாடியோடு சேர்ந்து, காலை மாலை நேரத்துக் காப்பகத்துக்கு உதவி செய்தால், சட்டத்தின் எழுத்தோடு அதன் கருத்தும் நிறைவேறும். குழந்தையைப் பற்றிய கவலையில்லாத தாயின் தையல் நேராக ஓடும் என்பதை வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இக்கட்டுரையைப் படிக்கும் குடும்பங்கள் சர்க்காருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவிலுள்ள பால்வாடி டீச்சரம்மாவின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நாளைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படித்த பெண்மணிகள் வாரத்தில் ஒரு மணி நேரம் போய்க் கதை சொல்லலாம். பதிவேடு எழுதும் வேலையில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் கை கொடுக்கலாம். ஆசிரியர்களாகிய நாம் ஜூன் மாதத்தில் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளுமுன், டீச்சரம்மாவைப் பள்ளிக்கு அழைத்து, ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் அவர் அறிந்ததைக் கேட்டுக்கொள்ளலாம். நமது பள்ளியில் இரண்டு வருஷமாக அப்படிச் செய்கிறோம். முதல் முறை வந்தபோது அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து உட்காரும்படி இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. உட்கார்ந்த பிறகு முப்பத்தொரு குழந்தைகளைப் பற்றி, கையில் ஒரு காகிதமும் இல்லாமல், ஒன்றரை மணி நேரம் பேசினார். எந்தக் குழந்தைக்கு இருட்டென்றால் பயம், எதன் தகப்பன் குடிப்பவன், எது இடது கையால் எழுதும், எதற்கு இரண்டு முறை சொன்னால்தான் புரியும் என்று அவருக்கு மனப்பாடம். தலைமையாசிரியர் முதல் கடைசி ஆசிரியர் வரையில் குறிப்பெழுதிக்கொண்டோம்.

நாளைக் காலையும் ஏழு மணிக்குப் பஸ் வரும், தாய்மார் ஏறுவார்கள். அந்தக் கிழவி இரண்டு குழந்தைகளோடு திரும்பி நடப்பாள். தெருக்கோடியில், இன்னும் திறக்கும் நேரமாகாத ஒரு வாசலில், சாவியோடு ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். அவ்வழியே போக நேர்ந்தால், நேயர்களே, ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள்.